நூற்று முப்பத்தோராம் பக்கத்துக் கோல்

கிறிஸ்துராஜா பொறாமைக்காரர் என்று அவரைத் தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள். தம்பி கனடாவில் பெரிய வீடு வாங்கிப் படம் அனுப்பியபோது நல்லது என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். தேவாலயப் பங்கில் யாருடைய பிள்ளை மருத்துவம் படிக்கப் போனாலும் அவருக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் வீடு. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாகக் கேர்டேக்கர் வேலை. ஆறரைக்குக் கேற்றைத் திறக்கவேண்டும், பொயிலரைப் பார்க்கவேண்டும், வசந்தம் பிறந்ததும் விளையாட்டுத் திடலில் வெள்ளைக் கோடு போடவேண்டும். கயிறு பிடிக்காமல் அவர் கோடு போடமாட்டார். அவரிடம் வெளியே தெரிந்த பிடிவாதம் அது ஒன்றுதான்.

ஆனால் பதினேழு வருடமாக ஒரு மனிதர்மேல் அவருக்குப் பொறாமை இருந்தது. அந்த மனிதர் நிர்மலன். பொறாமைக்குக் காரணம் உதைபந்தாட்டத்தில் விழுந்த ஒரு கோல்.

நிர்மலன் கிங்ஸ்பரியில் இருக்கிறார். கலியாணவீடு, முதல்நன்மை, அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுப்பவர். ஒஸ்திரியாவில் அகதியாகப் பதிந்து, அங்கே பாஸ்போர்ட் எடுத்து, 2007இல் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். அதனால் பங்கில் அவருக்கு ஒஸ்திரியா நிர்மலன் என்றே பெயர். ஒஸ்திரியாவில் ஒரு சின்ன ஊர்க் கழகத்துக்குப் பந்தடித்ததும், அந்தக் கழகத்தை மேல் லீக்குக்கு ஏற்றிய கோலை அடித்ததும் அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோலின் பேரில்தான் பங்குப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

2024 ஏப்ரலில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் ஊற்றும் நேரத்தில், நிர்மலன் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிவப்பும் வெள்ளையுமான அட்டை. எஸ்.வி. ஒபர்கிராபன், நூறு வருடங்கள் என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது.

“நூற்று முப்பத்தோராம் பக்கம்,” என்றார் நிர்மலன். “நான் சொல்லேல்லை. அவங்களே போட்டிருக்கிறாங்கள்.”

சனம் மேசையைச் சுற்றிக்கொண்டது. மழையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒருவன் முதுகைக் காட்டியபடி பந்தை உதைக்கிறான். முகம் தெரியாது. கீழே நிர்மலனின் முழுப்பெயர், எண்பத்தெட்டாவது நிமிடம், 13 ஜூன் 1993.

“அண்ணை, இந்த இடுப்பு எங்கை போனது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“உங்கட வீட்டுப் பிறந்தநாளுகளுக்கு ரோல்ஸ் பொரிச்சுப் பொரிச்சுப் போயிட்டுது,” என்றார் நிர்மலன். எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்துராஜாவும் கோப்பையைப் பிடித்தபடி சிரித்தார். பிறகு புத்தகத்தை வாசிக்கத் தரச்சொல்லிக் கேட்டார். நிர்மலன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொண்டுபோ மச்சான். பத்திரம்,” என்றார்.

ஜெர்மன் தெரியாத கிறிஸ்துராஜா, பாடசாலையில் தன் சிறிய அறையில் இருந்து போனை ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பிடித்து மொழிபெயர்ப்பை வாசித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று வாரம் எடுத்தது.

எழுதியவர் வால்ற்றர் என்ற ஓய்வுபெற்ற தபால் ஊழியர். ஒரு காலத்தில் அதே கழகத்தின் கோல்காப்பாளர். எழுத்தில் மினுக்கம் கிடையாது. ஆனால் பொய் சொல்லக் கூசும் ஒருவரின் எழுத்து என்று வாசிக்கும்போது தெரியும். 1924இல் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் பதினாலு பேர் தொடங்கிய கழகம். களிமண் தோண்டிய பள்ளத்துக்கு அருகே திடல் இருந்ததால், பந்து பள்ளத்தில் விழுந்தால் எடுத்துவர நீளத் தடியும் வலையுமாக ஒருவர் நின்றிருக்கிறார். அப்படி நின்றவர்களின் பெயர்கள்கூட வரிசையாக இருந்தன. 1938இல் நாஜிகள் கழகத்தைக் கலைத்தார்கள். தலைவராக இருந்த யூத வைத்தியர் ஊரைவிட்டுப் போனார். போன இரவில் யார் யார் யன்னலை மூடிக்கொண்டார்கள் என்று தனக்குத் தெரியும், எழுதமாட்டேன் என்று வால்ற்றர் எழுதியிருந்தார். போருக்குப் பிறகு அந்தப் பகுதியில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினரோடு ஆடி ஒன்றுக்கு ஒன்பது என்று தோற்றார்கள். 1962இல் சொந்தமாக ஒரு கட்டடம். 1979இல் சூளை மூடப்பட்டது. அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் நடுவரிசை, கீழ்வரிசை.

1993இல் ஒரு ஏற்றம். அடுத்த வருடமே இறக்கம். அதன்பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை.

ஒரு நூற்றாண்டு முழுவதும் அந்த ஒரு பக்கத்தின்மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தது. அதை வாசித்து முடித்தபோது கிறிஸ்துராஜாவுக்குப் பெருமை வரவில்லை. திரும்பவும் நூற்று முப்பத்தோராம் பக்கத்துக்கே போனார். கோல் எவ்வளவு பெரியது என்று அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை அடித்தவர் கிறிஸ்துராஜா.

பொறாமை என்றால் பொதுவாக மற்றவனிடம் இருப்பதை விரும்புவது. தன்னுடையதே மற்றவன் கையில் இருக்கும்போது வருவதற்கு வேறு பெயர் வேண்டும். ஆனால் அவருக்குள் நடந்தவற்றைப் பார்த்தால் பொறாமைதான். நிர்மலன் நடந்துவரும் விதம், சிரிப்பு, பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓடுவது, எல்லாமே அந்தக் கோலிலிருந்து வந்தவை போலவும், எல்லாமே தனக்கு வரவேண்டியவை போலவும் அவருக்குத் தோன்றும். அதில் பாதி நியாயம் இல்லை என்றும் அவருக்குத் தெரியும். நிர்மலன் எந்த ஊரிலும் எந்தக் கோலும் அடிக்காமல் இருந்திருந்தாலும் நான்கு பேரைச் சிரிக்கவைப்பார்.

வீட்டில் அவர் மனைவி பெர்னடெற்தான் முதலில் கண்டுபிடித்தார். ரூற்றிங்கில் ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பு வேலை செய்பவர். ஆட்களை நின்ற நிலையிலேயே எடைபோடத் தெரிந்தவர். ஒரு சனிக்கிழமை புத்தகம் சாப்பாட்டு மேசையில் அந்தப் படத்தோடு விரித்தபடி கிடந்தது.

“இது ஆர்?”

“கீழை போட்டிருக்குத்தானே.”

“போட்டிருக்கு. ஆனால் நிர்மலன் அண்ணை இடதுகாலாலை அடிச்சு நான் ஒருநாளும் காணேல்லை. இந்த வலது கையைப் பாருங்கோ, வாளி தூக்கிற மாதிரி. வாளி தூக்கிக்கொண்டு பந்தடிக்கிற ஆள் உலகத்திலை ஒண்டுதான் இருக்கு. அதை நான் கட்டியிருக்கிறன்.”

கிறிஸ்துராஜா கொஞ்ச நேரம் உப்புச் சாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

1992இன் கடைசியில், காசுக்கு ஆட்களைக் களவாக வெளிநாடு கடத்தும் ஏஜென்சிக்காரன் அவரை மொஸ்கோ வழியாகக் கொண்டுவந்து, செக்கோஸ்லோவாக்கிய எல்லையைக் கடக்கவைத்து, வியன்னாவில் ஒரு ரெயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனான். சட்டைப் பையில் நிர்மலனின் விலாசம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரி, ஒரே அணி. ஒபர்கிராபனில் அரசு அகதிகளை ஒரு பழைய விடுதியில் தங்கவைத்திருந்தது. நிர்மலன் அங்கே பதிவோடு இருந்தார். விடுதிக் குசினியில் வேலை, ஞாயிறுகளில் பந்து. அவருடைய அறையில் கிறிஸ்துராஜா பதிவில்லாமல் ஆறு மாதம் ஒளிந்திருந்தார்.

மே மாதத்தில் நிர்மலனின் கணுக்கால் பிரண்டுவிட்டது. லீக்கில் ஆறு ஆட்டம் மீதி.

அந்தப் பாதையால் வந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஒரு விஷயமே அல்ல. ஒருவனின் பாஸ்போர்ட்டில் மூன்று பேர் பறந்தார்கள். ஒருவனின் மருத்துவ அட்டையில் அறையில் இருந்த அத்தனை பேரும் பல் பிடுங்கினார்கள். அட்டை என்பது குளிருக்கு மாறிப் போடும் ஜக்கெற் மாதிரி. நிர்மலன் தன் ஆட்டக்காரர் அட்டையை எடுத்து, “இந்தா, நீ போய் அடி,” என்று கொடுத்தார். கிறிஸ்துராஜா வாங்கிக்கொண்டு போனார். அந்த அட்டையைப் பிறகு திருப்பிக் கொடுக்கலாம், அதில் எழுதப்பட்டதைத் திருப்பி எடுக்கமுடியாது என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. நடுவர் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், உள்ளே விட்டார். ஆறு ஆட்டம், நான்கு கோல். கடைசிக் கோல் கடைசி ஆட்டத்தில்.

ஜூலையில் ஒரு லொறி வந்தது. லண்டன். குரொய்டனில் அகதிக் கேஸ் கொடுக்கும்போது, கொழும்பிலிருந்து சிங்கப்பூர் வழியாக நேரே வந்ததாகச் சொன்னார். ஐரோப்பாவில் வேறு நாட்டில் நின்றதாகச் சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அன்றிலிருந்து அவர் வாழ்க்கையில் ஒஸ்திரியா இல்லை. பெர்னடெற்றுக்குக்கூட “வழியில கொஞ்சநாள் நிண்டனான்” என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

“அப்ப அந்த மனுசன் முதல்முதல் இஞ்சை வந்து சொல்லேக்கை நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை?” என்று பெர்னடெற் கேட்டார்.

2007இல் அது நடந்தது. அதே மண்டபம். நிர்மலன் லண்டனுக்கு வந்து இரண்டாவது ஞாயிறு. யாரோ ஒஸ்திரியாவைப் பற்றிக் கேட்க, பகிடியாகத் தொடங்கிய கதை கோலில் போய் முடிந்தது. சொல்லும்போது நிர்மலன் கிறிஸ்துராஜாவைப் பார்த்தார். மறுப்பாரா என்று பார்த்தாரா, அனுமதி கேட்டுப் பார்த்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. கிறிஸ்துராஜாவின் குடியுரிமை விண்ணப்பம் அந்த மாதம்தான் ஹோம் ஒபிசில் கிடந்தது. அவர் பேசவில்லை.

“எழுதிக் கேளுங்கோ,” என்றார் பெர்னடெற். “இப்ப உங்களை ஆர் எங்கை அனுப்பப்போறாங்கள்?”

மூன்று நாள் யோசித்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வால்ற்றருக்கு அனுப்பினார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான், நிதானமாக எழுதியிருந்தது.

உங்கள் கடிதம் எனக்கு ஆச்சரியம் தரவில்லை, என்று வால்ற்றர் எழுதியிருந்தார். அணியில் எல்லோருக்கும் தெரியும். பயிற்றுநருக்கும் தெரியும். நடுவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், மழை வரப்போகிறது என்றார். நாங்கள் உங்களை இரண்டாமவன் என்று அழைத்தோம். ஆறு ஞாயிறு ஒரே அறையில் உடை மாற்றினோம். உங்கள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அட்டை மாறி ஆடியதற்கு அல்ல, இதற்குத்தான் நான் வெட்கப்படுகிறேன். இலையுதிர்காலத்தில் புத்தகத்தை மறுபடி அச்சிடுகிறோம். நீங்கள் சொன்னால் உங்கள் பெயரைச் சேர்ப்பேன். கழகக் குழுவிடம் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்றை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். அந்த வருடம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊன்றராவ் கழகம் எங்களுக்கு ஒரு புள்ளி பின்னால் இருந்தது. மற்றவரின் அட்டையில் ஆடியவர் அடித்த கோல் விதிப்படி கோல் அல்ல. ஆட்டமே எங்களுக்குத் தோல்வி. முப்பத்தொரு வருடம் கழித்து எந்த அலுவலகமும் அதைத் தேடிவந்து மாற்றாது. ஆனால் எங்கள் கையாலேயே அச்சிட்டால், அந்த ஏற்றம் எங்களுடையது அல்ல என்று எங்கள் ஊருக்கும் தெரிந்துவிடும், ஊன்றராவ் ஆட்களுக்கும் தெரிந்துவிடும். கோலை அடித்தவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்.

கிறிஸ்துராஜா இதை நான்கு தடவை வாசித்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அது கையில் வந்த உடனே கரைந்துபோகக்கூடிய ஒன்று. நிர்மலனின் பெயரில் இருக்கும்வரைதான் அது கோல். அவருடைய பெயர் வந்தால் கோல் இல்லை. அவர் வாழ்க்கையில் செய்த ஒரேயொரு பெரிய காரியம், அவர் செய்யாததாக இருக்கும்வரைதான் நடந்ததாக இருக்கும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கிங்ஸ்பரிக்குப் போனார். நிர்மலனின் சமையற்கூடம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. நிர்மலன் பற்றிஸ் பொரிக்க மாவை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜா போனை நீட்டினார். நிர்மலன் கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, கடைசிவரை வாசித்தார்.

“எனக்குச் சொல்லாமல் எழுதிப்போட்டாய்.”

“நீ எனக்குச் சொல்லிப்போட்டே பதினேழு வருசம் சொன்னனீ?”

“முதல்தரம் உனக்கு முன்னாலைதானே சொன்னனான். நீ என்ன செய்தனீ? தேத்தண்ணி குடிச்சனீ.”

“எனக்கு சிற்றிசன்ஷிப் கிடந்தது. என்ர கேசிலை நான் ஒஸ்திரியாவைப் படத்திலையும் காணாதவன். உனக்குத் தெரியும்.”

“அது அடுத்த வருசம் கிடைச்சுது. நான்தான் பார்ட்டிக்குச் சமைச்சனான். அதுக்குப் பிறகு பதினாறு வருசம். அப்ப என்ன கிடந்தது?”

கிறிஸ்துராஜா போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அவர் இவ்வளவு வருடமும் பேசாமல் இருந்தது முதலில் பயத்தால். பிறகு, பொய் வளர்ந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. தான் உண்மையை வைத்திருக்கிறோம், மற்றவன் வைத்திருப்பது வெறும் பெயர் என்ற ருசி. பொறாமைக்காரர்கள் எல்லோரும் இப்படி ஒரு மறைவான சாப்பாட்டில்தான் உயிர் வாழ்கிறார்கள்.

“எப்பிடி மச்சான் மனம் வந்தது?” என்று மட்டும் கேட்டார்.

நிர்மலன் மாவின்மேல் ஈரத் துணியை விரித்தார்.

“உனக்கொண்டு தெரியுமே. நான் அந்தக் கோலைக் காணேல்லை. அண்டைக்குக் கால் வீக்கத்தோடை குசினியிலை இருந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கொண்டிருக்கிறன். திடல் பக்கமிருந்து சத்தம் வருது. என்ர பேரைச் சொல்லித்தான் கத்தினாங்கள். ஊரே என்ர பேரைக் கத்துது, நான் கிழங்குத் தோலுக்கை இருக்கிறன். எந்த மூலையாலை போச்சுது எண்டுகூடத் தெரியாது. நீ அடிச்சுப்போட்டு ஒரு மாசத்திலை லொறி ஏறிட்டாய். நான் அந்த ஊரிலை பதினாலு வருசம் இருந்தனான். ரோட்டிலை காணுறவன் எல்லாம் முதுகிலை தட்டுறான். அதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? உனக்கு நான் எரிச்சல். எனக்கு நீ எரிச்சல். நீ அடிச்சனீ எண்ட எரிச்சல்.”

கிறிஸ்துராஜா இதை எதிர்பார்க்கவில்லை. தன்மேல் யாரும் பொறாமைப்படலாம் என்று அவர் நினைத்ததே இல்லை. அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் போதவில்லை.

“புத்தகத்திலை போடச்சொல்லேல்லை,” என்றார். “அந்தச் சனத்தின்ரை ஏற்றம் போயிடும். இஞ்சை சொல்லு. பங்கு ரூர்ணமெண்டிலை, எல்லாருக்கும் முன்னாலை, மைக்கிலை. இஞ்சை லீக்கும் இல்லை, விதியும் இல்லை. இஞ்சை அது கோல்தான்.”

“என்ர பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது?”

“அதையே சொல்லு.”

நிர்மலன் ஈரத் துணியை விலக்கி இன்னும் இரண்டு வட்டம் வெட்டினார். பிறகு, “சரி. சொல்லுறன்,” என்றார்.

ஜூன் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பங்குகளுக்கிடையிலான பந்தாட்டப் போட்டி, கிங்ஸ்பரிக்கு அருகே ஒரு திடலில். நல்ல வெயில். இறுதி ஆட்டத்துக்கு முன்பு ஒபர்கிராபன் கழகத்தின் நூறு வருடத்தையொட்டி நிர்மலனைக் கௌரவிப்பதாக ஏற்பாடு. மைக் பிரவினிடம் இருந்தது. சிறுவயதில் நிர்மலனிடம் பந்து பழகியவன், இப்போது ஒரு வங்கியில் வேலை. அவன் அந்தக் கோலைப் பற்றிப் பேசி, சால்வையைப் போர்த்தி, மைக்கைக் கொடுத்தான்.

கிறிஸ்துராஜா கயிற்றுக்கு வெளியே பெர்னடெற்றோடு நின்றார். நிர்மலன் ஏமாற்றிவிடுவார் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். நிர்மலன் ஏமாற்றவில்லை.

“நான் ஒண்டு சொல்லவேணும்,” என்றார் நிர்மலன். குரல் வழமைபோல இல்லை. “அந்தக் கோலை அடிச்சது நான் இல்லை. எனக்குக் கால் பிரண்டு கிடந்தது. என்ர கார்ட்டிலை போய் விளையாடினது கிறிஸ்துராஜா. உங்கை நிக்கிறான். அவன்தான் அடிச்சவன். இவ்வளவு நாளும் நான் பொய் சொன்னனான்.”

சனம் நிர்மலனையும் கிறிஸ்துராஜாவையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். அதன்பிறகு எல்லோரும் சிரித்துக் கைதட்டத் தொடங்கினார்கள்.

பிரவின் மைக்கை வாங்கினான். “பாருங்கோ எங்கட அங்கிளை. தன்ர கோலையே தூக்கிப் பிரெண்டுக்குக் குடுக்கிறார். வேறை ஆராவது குடுப்பினமோ? சொல்லுங்கோ பாப்பம்.”

“இல்லைத் தம்பி. உண்மையாத்தான் சொல்லுறன்.”

“ஓம் ஓம், எங்களுக்குத் தெரியும் அங்கிள்,” என்றான் பிரவின். கைதட்டல் இன்னும் கூடியது. “கிறிஸ்துராஜா அங்கிளும் வாங்கோ. கோல் அடிச்ச ஆள் வாங்கோ.”

நாலைந்து பேர் அவரைக் கயிற்றுக்கு உள்ளே இழுத்துவிட்டார்கள். நிர்மலனின் மனைவி துசியந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்காவது உண்மை தெரியுமா என்று கிறிஸ்துராஜா முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, கணவனின் நல்ல மனதை நினைத்துத்தான் அழுதார். நிர்மலன் சால்வையைக் கழற்றிக் கிறிஸ்துராஜாவின் தோளில் போட்டார். அதற்கும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

“சொன்னனான் மச்சான்,” என்றார் நிர்மலன், காதோடு. “நீ பாத்தனீதானே. சொன்னனான்.”

“சொன்னனீ.”

“நம்பாட்டி நான் என்ன செய்ய?”

ஒன்றும் செய்யமுடியாது. அதுதான் கிறிஸ்துராஜாவைக் கூடுதலாக எரித்தது. பதினேழு வருடம் நிர்மலனிடம் அவருடைய கோல் இருந்தது. இப்போது கோலும் இருந்தது, அதைக் கொடுத்த பெருந்தன்மையும் இருந்தது. குறைசொல்ல இடம்கூட மிஞ்சவில்லை. இடைவேளையில் ஒருத்தி பெர்னடெற்றின் கையைப் பிடித்து, “உங்கட அவருக்கு இப்பிடி ஒரு சிநேகிதன் கிடைச்சது புண்ணியம்,” என்றாள். பெர்னடெற் அவளுக்கு முழுக்கதையும் சொன்னார். அவள் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, “நீங்களும் நல்ல மனசு, மனுசனை விட்டுக்குடுக்காமல் கதைக்கிறியள்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லண்டன் பிரிட்ஜில் ரெயில் மாறி உட்கார்ந்த பிறகுதான் பெர்னடெற் பேசினார்.

“இனி என்ன?”

“வால்ற்றருக்கு எழுதப்போறன். என்ர பேரைப் போடட்டும்.”

“விசரே உங்களுக்கு? போட்டால் அது கோலே இல்லையெண்டு நீங்கள்தானே வாசிச்சுக் காட்டினது. அந்தக் கிழவங்களுக்கு இருக்கிறது அது ஒண்டுதான். அவங்கள் உங்களுக்கு என்ன செய்தவங்கள்?”

“பேர் கேக்கேல்லை.”

“அதுக்கு இப்பிடியே?”

கிறிஸ்துராஜா தோளில் கிடந்த சால்வையை மடித்து மடியில் வைத்தார். எதிர் இருக்கையில் ஒரு குழந்தை பலூனைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. ஸ்ரொக்வெல் தாண்டியதும் பெர்னடெற் சொன்னார்: “நான் சரியெண்டு சொல்லமாட்டன். வேண்டாமெண்டும் சொல்லமாட்டன். அடிச்சது நீங்கள்.”

இதை நீதி என்று சொல்வது கடினம். தவறுக்குப் பங்காளியாக இருந்தவர், முப்பத்தொரு வருடம் கழித்து, தன்னைத் தெரியாத ஒரு ஊரின் ஒரே நல்ல நாளைக் கேட்டு வாங்குகிறார். வைத்துக்கொள்ளவும் அல்ல, இல்லாமல் ஆக்குவதற்கு. அந்த ஊரில் எழுபது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், அந்த மழையை இன்னும் பேசுகிறவர்கள். இவை எல்லாம் அவருக்குத் தெரியும். ஞாயிறு முழுவதும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ண எண்ண, மற்றவன் பெயரில் உயிரோடு இருக்கும் கோலைவிடத் தன் பெயரில் செத்த கோல் தனக்கு நெருக்கமானது என்பது உறுதியாகிக்கொண்டே வந்தது. அப்படி ஒரு ஆசையை மெச்ச முடியாது. ஆனால் அதில் பாசாங்கு இல்லை.

திங்கட்கிழமை கேற்றைத் திறந்து, பொயிலரைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் வருவதற்கு முன்பு தன் அறையில் உட்கார்ந்து எழுதினார்.

அன்புள்ள வால்ற்றர், புத்தகத்தில் என்னைச் சேர்த்துவிடுங்கள். நிர்மலன் இங்கே எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னார், அவர்மேல் குறை எழுதவேண்டாம். அந்த ஆறு ஆட்டங்களில் ஆடியவன் நான். என் பெயர் கிறிஸ்துராஜா. தகப்பன் பெயர் சவரிமுத்து. உங்கள் ஊரில் இந்தப் பெயரை நான் யாருக்கும் சொன்னதில்லை. நீங்கள் இதை அச்சிட்டால் அது கோல் இல்லை என்று எனக்குத் தெரியும். அச்சிடுங்கள்.